சுகந்தவல்லியின் வளைகாப்பு

குளத்து மடைக்குக் கீழே ஒரு நெல் வயல். அந்த வயலில் பங்கஜம் என்ற தவளை குடியிருந்தாள். வாய் பெரிது. பேச்சு அதைவிடப் பெரிது. எதைப் பார்த்தாலும் முதலில் நாக்கை நீட்டிவிடுவாள். அது என்ன, ஏது என்று யோசிப்பதெல்லாம் விழுங்கிய பிறகுதான்.

அந்த வருஷம் வயல் தண்ணீரில் அவளுக்கு முந்நூறு பிள்ளைகள். எல்லாம் தலைப்பிரட்டைகள். கை முளைக்கவில்லை, கால் முளைக்கவில்லை, வால் மட்டும் இருந்தது. தண்ணீரை விட்டு வரப்பில் ஏறக்கூட முடியாத வயசு.

"முந்நூறையும் எண்ணிப் பார்த்தாயா?" என்று நண்டு ஒரு நாள் கேட்டது.

"ஒரு இடத்துல நின்னாத்தானே எண்ணுறதுக்கு! என் உயிரை வாங்கவே பிறந்திருக்குதுங்க!" என்றாள் பங்கஜம். சலிப்பெல்லாம் வாயளவில்தான். பிள்ளைகள் பக்கம் ஒரு நிழல் விழுந்தால் போதும், பதறியடித்துக்கொண்டு குதிப்பாள்.

நெல் பூத்து, கதிர் பால் பிடிக்கத் தொடங்கிய சமயம் அது. பக்கத்து வயலில் அறுப்பு முடிந்ததும் அங்கிருந்து ஒரு நாவாய்ப்பூச்சிக் கூட்டம் இங்கே வந்து இறங்கியது. நாவாய்ப்பூச்சிக்கு ஊசி மாதிரி வாய். பால் நெல்லில் குத்தி ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் அந்த நெல் பதர்தான்.

கூட்டத்துக்குத் தலைவி சுகந்தவல்லி. அந்தப் பேரை வைத்தவர் மூக்கை எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை! யாராவது கிட்டே போனால் போதும், குப்பென்று ஒரு நாற்றத்தை விடுவாள். அழுகின கொத்தமல்லிக் கட்டைப் பூசணம் பிடித்த புண்ணாக்கோடு சேர்த்து மூடி வைத்துத் திறந்தது மாதிரி இருக்கும்.

பங்கஜமும் ஒரு தரம் அவள் மேல் நாக்கை நீட்டத்தான் செய்தாள். நீட்டிய வேகத்தில் துப்பினாள். வாய்க்காலுக்கு ஓடி மூன்று முறை வாய் கொப்பளித்தாள். இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. மைனாவோ ஒரே கொத்தோடு அலகை வரப்பில் தேய்த்துக்கொண்டு பறந்தே போய்விட்டது.

"பார்த்தீங்களா! என் வாசனைக்கு முன்னால எவனும் நிக்க முடியாது!" என்று சுகந்தவல்லி கதிர் உச்சியில் உட்கார்ந்து கத்தினாள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் கத்தினாள். வயலில் காது உள்ளவர்கள் எல்லாம் வெறுத்துப்போனார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வயலுக்குச் சொந்தக்காரர் காத்தமுத்துவும் அவர் மனைவி அஞ்சம்மாளும் வரப்பில் வந்து நின்றார்கள்.

"மருந்தை அடிச்சுவிட்டா ஒரே நாள்ல எல்லாம் காலி," என்றார் காத்தமுத்து.

"ஆமாங்க! பூச்சியும் காலி, தவளையும் காலி, தவளைக் குஞ்சும் காலி! அப்புறம் அடுத்த பூச்சி வந்தா யாரு பிடிப்பா? நீங்க நாக்கை நீட்டிப் பிடிப்பீங்களா?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

அவள் கையில் ஒரு சின்ன அட்டை இருந்தது. வேளாண்மை ஆபீஸில் கொடுத்தது. அதை ஒரு நெல் தாளில் பின் போட்டு மாட்டினாள். "இதுக்குள்ள குளவி இருக்குதாம். பூச்சியை அதுங்க பார்த்துக்கும்னு சொன்னாங்க."

காத்தமுத்து அட்டைக்கு நேரே குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கசகசா ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு! இதுவா குளவி? நல்லா இருக்குடி உன் ஏற்பாடு! சரி, ரெண்டு வாரம் பார்க்கிறேன். அது முடியற செவ்வாய்க்கிழமை வருவேன். பூச்சிக் குஞ்சு ஒண்ணே ஒண்ணு கதிர்ல ஏறியிருந்தாலும் மருந்துதான். அப்ப நீ குறுக்கே பேசக்கூடாது!"

மருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் பங்கஜம் ஒரே பாய்ச்சலில் பிள்ளைகளிடம் போய் விழுந்தாள். போன வருஷம் மேல் வயலில் மருந்து அடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையில் அங்கே தலைப்பிரட்டை எல்லாம் வயிறு மேலாக மிதந்தது. தன் பிள்ளைகளை வாயில் கவ்விக்கொண்டு ஓடலாமென்றால், முந்நூறு பேரை எத்தனை நடை தூக்குவது?

அன்றிலிருந்து பங்கஜம் அட்டைக்குக் கீழேயே தவம் கிடந்தாள். ஆனால் மறுநாளே மழை கொட்டியது. மழை விட்டதும் எறும்புகள் வரிசை கட்டி வந்தன. அட்டையில் குளவி அடைந்திருந்த மணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போயின. பங்கஜம் எறும்புகளை விழுங்கி விழுங்கிப் பார்த்தாள். வயிறுதான் நிறைந்தது, வரிசை நிற்கவில்லை.

கடைசியில் அட்டையிலிருந்து உயிரோடு வெளியே வந்தது ஐந்தே ஐந்து பெண் குளவிகள். முதலில் வந்தவள் பேர் சிட்டிகை. அவளை எடுத்துத் துளியூண்டு பொடியில் போட்டால் பிறகு தேடித்தான் எடுக்க வேண்டும்!

பங்கஜத்துக்குப் பழக்க தோஷம். நாக்கு தானாக நீண்டது.

சிட்டிகை விலகி, நேராகத் தவளையின் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, என்னைத் தின்னா உனக்கு ஏப்பம்கூட வராது! எதுக்கு வீண் வேலை?"

"நீயா குளவி?" பங்கஜத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "உன்னை நம்பியா நான் ராப்பகலா இங்க கிடந்தேன்? ஒரு கொடுக்காவது இருக்கா உனக்கு?"

"கொட்டுறதுக்கு இல்லை. முட்டை வைக்கிறதுக்கு இருக்கு."

"அந்தச் சுகந்தவல்லியை என்னடி பண்ணுவே? அவ கால் நகம் அளவுகூட நீ இல்லையே!"

"அவளை நான் ஒண்ணுமே பண்ண மாட்டேன் அக்கா," என்று சிட்டிகை குரலைத் தாழ்த்தினாள். "அவ வைக்கிற முட்டைக்குள்ள என் முட்டையை வெச்சிடுவேன். என் பிள்ளை உள்ளயே இருந்து, அதையே சாப்பிட்டு வளரும். மூடி திறக்கிற அன்னிக்குப் பூச்சி வராது. குளவி வரும்!"

பங்கஜம் கண்ணை உருட்டினாள். "அடி கள்ளி! அது சரி, அந்த நாத்தத்தைத் தாண்டி எப்படிக் கிட்ட போவே?"

"அந்த வாசனை மட்டும் இல்லேன்னா, இம்மாம் பெரிய வயல்ல அவளை நான் எங்கேன்னு தேடுவேன்? எனக்கு அதுதான் விலாசம்! ஆனா ஒண்ணு. முட்டை வைக்கிற இடத்தை மட்டும் அவ ரகசியமா வெச்சிருக்கா. அதை அவளேதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

"காட்டுவாளா?"

"ஒரு வளைகாப்பு நடத்தினா காட்டுவா!" என்று சொல்லிவிட்டுச் சிட்டிகை பறந்தாள்.

சுகந்தவல்லி கதிர் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் போய் இறங்கிய சிட்டிகை, கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்தாள். "ஆஹா! ஆஹா! என்ன வாசனை! பிறந்ததிலிருந்து இந்த வாசனையைத்தான் தேடிட்டு இருந்தேன்!"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சுகந்தவல்லி அசந்துபோனாள். பிறந்த நாள் முதல் அவளைப் பார்த்து ஓடினவர்கள் உண்டு, துப்பினவர்கள் உண்டு. மூச்சை இழுத்தவர்கள் யாரும் இல்லை. "இன்னொரு தரம் சொல்லு!" என்றாள்.

சிட்டிகை இன்னொரு தரம் சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். பிறகு அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இதென்ன, மாசமா இருக்கீங்களா? இப்படிப்பட்ட மகராசிக்கு இன்னும் வளைகாப்பு நடக்கலையா? என்ன அநியாயம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

சுகந்தவல்லி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பேர் மணவாளன். வாயில் பால் ஒழுக ஒரு நெல்லைக் குத்திக்கொண்டிருந்தான். "கேட்டீங்களா? ஊரான் பொண்ணுக்குத் தோணினது உங்களுக்குத் தோணலையே!"

"நம்ம குலத்துல வளைகாப்பெல்லாம் வழக்கம் இல்லையே, சுகந்தி," என்றான் மணவாளன்.

"எதுதான் உங்க குலத்துல வழக்கம்? வாயை வெச்சு உறிஞ்சுறது ஒண்ணுதான்!"

மணவாளன் அடுத்த நெல்லுக்கு நகர்ந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வளைகாப்பு அமர்க்களப்பட்டது. சுகந்தவல்லியோடு சேர்த்து ஒன்பது நாவாய்ப்பூச்சிப் பெண்கள் நெல் இலையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குளவிகள் ஐந்து பேரும் புல் நாரில் வளையல் முடைந்தார்கள். ஆளுக்கு ஆறு கால். ஒன்பது பேருக்கு ஐம்பத்துநாலு வளையல்!

"நிறையப் பிள்ளை பெத்தவ கையாலதான் சந்தனம் பூசணும்!" என்று சிட்டிகை அறிவித்தாள். "முந்நூறு பெத்தவ இந்த ஊர்ல ஒருத்திதான் இருக்கா. பங்கஜம் அக்கா, வாங்க!"

பங்கஜத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டல் சேற்றை எடுத்து ஒவ்வொருத்தி கன்னத்திலும் பூசினாள். ஏழாவது கன்னத்துக்கு வரும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் தவளையம்மா அழுவுறாங்க?" என்று கேட்டாள் சுகந்தவல்லி.

"உங்க வாசனைதான் காரணம்!" என்றாள் சிட்டிகை. அதுவும் பொய் இல்லை.

சடங்கு முடிந்தது. சுகந்தவல்லி முட்டை வைக்கக் கிளம்பினாள்.

"ஐயோ! பிள்ளைத்தாச்சி தனியா போகலாமா?" என்று சிட்டிகை குறுக்கே வந்து நின்றாள். "வழியில தலை சுத்தினா? கால் வழுக்கினா? வளைகாப்பு முடிஞ்ச பொண்ணைத் துணை இல்லாம அனுப்புற ஊர் உண்டா? நாங்க உங்க தோள்ல உட்கார்ந்து கூடவே வர்றோம்."

மணவாளன் சுகந்தவல்லியை ஓரமாக இழுத்தான். "முட்டை வைக்கிற இடத்தை அடுத்தவங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு நம்ம பாட்டன் காலத்திலிருந்து கட்டுப்பாடு. மறந்துட்டியா?"

"அவளைப் பாருங்க! எள்ளுல பாதி இல்லை! என் முட்டையைத் தூக்கிட்டு ஓடிடுவாளா? என் அருமை தெரிஞ்ச ஒரு ஜீவன் இப்பத்தான் வந்திருக்கு, அதையும் விரட்டணும் உங்களுக்கு!" என்று சீறினாள் சுகந்தவல்லி.

அவ்வளவுதான். குளவிகள் ஆளுக்கு ஒரு தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மற்ற எட்டுப் பெண்களும் சேர, அத்தனை பேரும் பறந்து வரப்போரத்துக் கோரைப் புல்லுக்குப் போனார்கள். பங்கஜம் அடியில் தத்தித் தத்திப் பின்னாலேயே போய், புல் மூட்டில் பதுங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கோ. எனக்குக் கூச்சமா இருக்கு," என்றாள் சுகந்தவல்லி.

"மூடிட்டேன் அக்கா!" என்றாள் சிட்டிகை. அவள் வேலைக்குக் கண் வேண்டியதில்லை, மீசை போதும்.

சுகந்தவல்லி இலையின் அடிப்பக்கத்தில் ஒரு முட்டை வைத்து நகர்ந்தாள். சிட்டிகை மெல்ல இறங்கி, மீசையால் அதைத் தட்டிப் பார்த்து, தன் முட்டையை உள்ளே செருகினாள். இன்னொரு குளவி வந்து அதிலேயே வைத்துவிடக் கூடாதே என்று மேலே ஒரு கீறல் போட்டாள். அடுத்த முட்டை. அடுத்த செருகல். அடுத்த கீறல். ஒரு பிள்ளையார் கோயிலைச் சுற்றி வருகிற பக்தி அந்த வேலையில் இருந்தது!

பத்தாவது முட்டையில் சுகந்தவல்லி சட்டென்று திரும்பிவிட்டாள். "ஏய்! முட்டை மேல என்னடி பண்றே?"

கீழே பங்கஜம் புல் மூட்டுக்குள் இன்னும் ஒடுங்கினாள்.

சிட்டிகை அசரவில்லை. "திருஷ்டிப் பொட்டு வைக்கிறேன் அக்கா! பிள்ளைங்க ஒவ்வொண்ணும் முத்து மாதிரி இருக்கு. ஊர்க்கண்ணு பட்டுடாதா?"

சுகந்தவல்லி பூரித்துப்போனாள். "அடி என் ராசாத்தி! மத்த எட்டுப் பேர் முட்டைக்கும் இதே மாதிரி வைக்கச் சொல்லு! ஒண்ணையும் விட்டுடாதீங்க! எல்லா முட்டைக்கும் வைங்க!"

குளவிகள் ஒன்றையும் விடவில்லை.

நாள் போயிற்று. ஆறாம் நாள் பங்கஜம் கோரைப் புல்லுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். முட்டைகள் அத்தனையும் வரிசை குலையாமல், கொழுகொழுவென்று அப்படியே இருந்தன. நிறம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றுகூட விழவில்லை.

பங்கஜத்துக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏமாத்திட்டாளே! ஓசியில தோள் சவாரி போனா, பொட்டு வெச்சா, போயிட்டா! நாக்கு இருக்கிறப்போ எனக்கு எதுக்குக் குளவி? ஒரே வழியா வழிச்சு எடுத்துடறேன்!" என்று வாயைத் திறந்தாள்.

முட்டைகளுக்கும் நாக்குக்கும் நடுவே சிட்டிகை வந்து நின்றாள். இந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை.

"முழுங்கறதா இருந்தா என்னையும் சேர்த்து முழுங்கு! உள்ள இருக்கிறது என் பிள்ளைங்க. இவளுங்க மறுபடியும் முட்டை வைப்பாளுங்க. அன்னிக்கு என் பிள்ளைங்க இல்லேன்னா உன் பிள்ளைங்களை யார் காப்பாத்துவா? உனக்குத் தண்ணியில முந்நூறு. எனக்கு இந்த இலையில. பெத்தவளுக்குப் பெத்தவ சொல்றேன் அக்கா, இன்னும் அஞ்சாறு நாள் பொறு."

பங்கஜம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பொறுப்பது அவள் பிறவியிலேயே இல்லாத குணம். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது பல் இருந்தால் கடித்திருப்பாள், அந்த அஞ்சாறு நாளைத் தள்ளினாள்.

மணவாளனுக்கும் பொறுக்கவில்லை. "சுகந்தி, நம்ம பிள்ளைங்க ஆறேழு நாள்ல பொரிஞ்சிடுமே. நாள் தாண்டிப் போச்சே! அதுவும் கருகருன்னு இருக்கே!"

"சாதாரணப் பிள்ளைங்க ஆறு நாள்ல வரும். என் பிள்ளைங்க சாதாரணமா? கறுப்பு இல்லை அது, ராஜகளை!" என்றாள் சுகந்தவல்லி.

சொன்ன செவ்வாய்க்கிழமை வந்தது. காத்தமுத்து மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் ஏறினார். அஞ்சம்மாள் வாயே திறக்காமல் பின்னால் வந்தாள். பங்கஜம் தண்ணீரில் தன் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். போனால் எல்லோருமாகப் போவோம் என்று முடிவு செய்துவிட்டாள்.

அதே நேரம் கோரைப் புல்லில் ஒரே கூட்டம். "வாங்க, வாங்க! என் பிள்ளைங்க பிறக்கிறதைப் பாருங்க!" என்று சுகந்தவல்லி வயல் முழுக்கக் கூவி அழைத்திருந்தாள். நண்டு வந்தது, வெட்டுக்கிளி வந்தது, மைனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

முதல் முட்டையில் ஓர் ஓட்டை விழுந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இதென்ன, இடுப்பு இவ்வளவு ஒல்லியா இருக்கு?" என்றாள் சுகந்தவல்லி.

இரண்டாவது வெளியே வந்தது.

"பிறக்கும்போதே இறக்கையா!"

மூன்றாவது, நாலாவது, பத்தாவது. இலை முழுவதும் குளவிக் குஞ்சுகள்!

"இது ஒண்ணுகூட என் சாடை இல்லையே!" என்று அலறினான் மணவாளன்.

"என் சாடை!" என்றாள் சிட்டிகை. "எல்லாம் அப்படியே அம்மா சாடை!"

சுகந்தவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. இருக்கிற நாற்றம் அத்தனையையும் திரட்டி ஒரே மூச்சில் குப்பென்று விட்டாள். நண்டு வளைக்குள் பாய்ந்தது. மைனா குளத்தைத் தாண்டிப் பறந்தது.

ஆனால் புதிதாகப் பிறந்த குளவிகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பின. மூச்சை ஆழ இழுத்தன. "ஆஹா! என்ன வாசனை! அக்கா, உங்க தோள்ல ஏறிக்கலாமா?"

"ஐயோ!" என்று சுகந்தவல்லி எடுத்தாள் ஓட்டம். பின்னால் மணவாளன். அவன் பின்னால் மற்ற எட்டுப் பெண்கள். பயத்தில் ஓட ஓட நாற்றம் அதிகமானது. நாற்றம் அதிகமாக ஆகக் குளவிகளுக்கு வழி தெளிவாகத் தெரிந்தது!

வரப்பில் காத்தமுத்து ஒவ்வொரு கதிராகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சிக் குஞ்சு ஒன்றுகூட இல்லை. ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினார். கெட்டியாகப் பால் வந்தது. "என்னடி இது, ஒண்ணையும் காணோமே!" என்று தலையைச் சொறிந்தார்.

"டேங்கு தோளை அழுத்துதா?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

"அழுத்துது."

"வீட்டுக்குப் போய் இறக்கி வெச்சுக்கலாம், நடங்க."

காத்தமுத்து திரும்பி நடந்தார். பங்கஜம் அவர் முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தாள். அவளைச் சுற்றி முந்நூறு வால்களும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தன. சிலதுக்குப் பின்னங்கால் முளைவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் வாயாடிப் பங்கஜம் முதல் தடவையாக ஒவ்வொன்றாய் எண்ணத் தொடங்கினாள்.

குழந்தைகளே, பெரியவர்களே, தன் பெருமையைத் தானே ஊரெல்லாம் பரப்புகிறவர், தன்னை வீழ்த்த வருகிறவருக்குத் தானே வழிகாட்டி ஆகிவிடுகிறார்.